கறுப்பு வெள்ளைக் கழுதையும் அக்காவின் மாம்பழக் கூடையும்

பத்து வயதுக்குள் பார்த்த படம்தான் உலகத்திலேயே உயர்ந்த படம் என்று நம்பாத ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வீண் என்று ஆளாளுக்கு ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்கள். பொதுவாக இதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக் கொஞ்சம் காது வலிக்கும், பாயசம் வந்ததும் அவரும் தப்பித்துவிடுவார். என் பிரசங்கம் மட்டும்தான் என் அக்காவின் பல வருட வேண்டுதலைத் தின்று கொட்டையைத் துப்பியது.

நான் சொல்ல வருவது குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்களைப் பற்றி. காரைக்காலில் சாமி ஊர்வலம் வரும் தெருவில் எங்கள் வீடு. நாலு வீடு தள்ளி சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவருடைய மகள் பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் பார்த்து முடித்த வீடியோ கேசட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து விட்டுப் போவார். மாமாவிடம் ஒரு டெக் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடானதும் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம்.

படம் முழுக்க பிரெஞ்சில் பேசும். அங்கே பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் மாமாதான். அவர் கேசட்டைப் போட்ட உடனே சாய்வு நாற்காலியில் தூங்கிவிடுவார். (குறட்டையிலும் கொஞ்சம் பிரெஞ்சு வாடை இருப்பதாக எங்களுக்கு ஒரு எண்ணம்.) ஆகவே கதை சொல்லும் பொறுப்பு என் அக்கா சுமதிக்கு வந்தது. அக்காவுக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள், எங்களைவிட உயரம், யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

அந்தக் கேசட்டுகளில் எனக்கு உயிர் ஒரு கழுதைக் குட்டியின் படம். அக்கா சொன்னபடி கதை இதுதான். குட்டிக் கழுதையின் அம்மாவை நாகூர்ப் பக்கம் யாரோ ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அம்மாவைத் தேடி அது தன்னந்தனியாகப் புறப்படுகிறது. உயரமான தொப்பி போட்ட ஒருவர், கையில் கறுப்புப் பையோடு அதைப் படம் முழுக்கத் துரத்துகிறார். அவரைக் கண்டாலே எனக்குப் பயம், வீட்டுக்குப் போகலாம் என்று அழ ஆரம்பிப்பேன். யார் அவர் என்று நாங்கள் கேட்டதற்கு அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவருதான் பூவம் செக்போஸ்ட்டுல நிக்கிறவரு. குடும்ப அட்டை இல்லாத கழுதைய எல்லைய தாண்ட விடமாட்டாரு." அந்தக் கறுப்புப் பை? "அதுல பூரா அவரு புடிச்ச சாராய பாட்டிலு." காரைக்கால் பிள்ளைகளான எங்களுக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. பாண்டிச்சேரி ஆட்சியில் இருக்கும் எங்கள் ஊரைச் சுற்றித் தமிழ்நாட்டு எல்லை, எல்லையில் சோதனைச் சாவடி, சாவடியில் பாட்டிலுக்காகப் பையைத் துழாவும் ஆட்கள். இதுதான் எங்களுக்குத் தெரிந்த உலகம்.

படம் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறக் கழுதை, சாம்பல் நிறப் புல்வெளி, சாம்பல் நிற வானம். பின்னாளில் நான் சென்னைக்குப் போய்ப் படித்து, ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்து, நாலு உலகப் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போன பிறகு, அந்தச் சாம்பல் நிறத்தை வைத்தே ஒரு தத்துவம் கட்டினேன். நிறத்தைத் துறந்த கலைஞன்தான் உண்மையான கலைஞன். கையால் வரைந்த கோட்டில் ரத்தம் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் செய்யும் படங்களோ பிளாஸ்டிக் பொம்மைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது போல் பளபளவென்று இருக்கின்றன, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக அசைகிறது, உயிர் மட்டும் இல்லை. இதை ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரையாகவே எழுதினேன். "சாம்பலில் ஒரு சோகம்" என்று தலைப்பு. (படித்தவர்கள் யாரும் என்னை அடிக்காதது அவர்களுடைய பெருந்தன்மை.)

அந்தப் படத்தின் விசிடி ஒரு நாள் சென்னை நடைபாதைக் கடையில் கிடைத்தது. அட்டை இல்லை, வெறும் தட்டு, மேலே பேனாவால் ஆங்கிலத்தில் பெயர். கடைக்காரரிடம் கேட்டேன், கழுதை என்றார். போதும். என் மேன்ஷன் அறையில் அதைப் போட்டுப் பார்க்க வசதி இல்லை. ஊருக்குப் போய், சரியான ரசிகர்களுக்கு முன்னால் திரையிடுவது என்று முடிவு செய்தேன்.

வாய்ப்பு மாங்கனித் திருவிழாவில் வந்தது. ஆனி மாதப் பௌர்ணமி. எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்குச் சாமி வீதி உலா வரும்போது இருபக்கமும் மொட்டை மாடிகளில் நிற்பவர்கள் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே ஜனங்கள் கையை நீட்டி, முந்தானையை விரித்து, சிலர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பிடிப்பார்கள். பிடித்தவருக்குப் பழம் சொந்தம். அது பிரசாதம். குழந்தை இல்லாதவர்கள் பிடித்துச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. குழந்தை பெற்றவர்கள் பிறகு மாடியில் ஏறி நின்று பழம் வீச வேண்டும்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத பேச்சும் இல்லை. ஒரு திருவிழாவில் கூட்டத்துக்குள் போய் இடிபட்டு மிதிபட்டு ஒரே ஒரு பழத்தைப் பிடித்தாள். அழுதுகொண்டே தோலோடு தின்றாள் என்று அம்மா சொல்வாள். "குழந்தை பொறந்தா கூடை நிறைய என் கையால வீசுறேன் சாமி" என்று வேண்டிக்கொண்டாள். யாழினி பிறந்தாள். நான் சொல்லும் திருவிழா, அக்கா அந்த வேண்டுதலைத் தீர்க்க வேண்டிய திருவிழா. யாழினிக்கு அப்போது இன்னும் நடை வரவில்லை.

நான் அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள். நெரவியிலிருந்து ஒரு கூட்டம், சென்னையிலிருந்து ஒரு கூட்டம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய பிள்ளைப் பட்டாளம். அக்கா யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தம்பி, நீ ஒண்ணும் செய்ய வேணாம். இதுங்கள மாடிக்கு ஏறாம மட்டும் பாத்துக்க. கைப்புடிச் சுவரு கட்டையா இருக்கு, பயமா இருக்கு. சாமி முனை திரும்புனதும் நானே வந்து கூப்பிடுறேன்."

"நீ கவலையே படாதக்கா. ஒரு படம் போடப் போறேன். அசையமாட்டாங்க."

"பசிக்குதுன்னு சொன்னா சமையக்கட்டுல சாக்குக்கு அடியில பழம் இருக்கு, எடுத்துக் குடு."

டிவி தெருப்பக்க அறையில் இருந்தது. பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். தியேட்டர் மாதிரி இருட்டு வேண்டும் என்று ஜன்னல்களையும் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். சென்னையிலிருந்து வந்த நிவேதா ஒரு புத்தம் புதிய தட்டை நீட்டினாள். கம்ப்யூட்டரில் செய்த படம், ஒரு இரும்பு நாயைப் பற்றியது.

"மாமா, இதப் போடுங்க. சூப்பரா இருக்கும்."

"கண்ணு, இதெல்லாம் படமே இல்ல. இன்னைக்கு நீங்க கலைன்னா என்னான்னு பாக்கப் போறீங்க."

கட்டுரையில் எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். (சுருக்கம் என்பது என் கணக்கு. அதற்குள் நெரவி கார்த்தி ஒருமுறை ஒண்ணுக்குப் போய்விட்டு வந்திருந்தான்.) "சாம்பல் நிறத்துல ஒரு கழுதை வரும். அது கண்ண மட்டும் பாருங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

கழுதை வந்தது. நல்ல ஊதா நிறத்தில் வந்தது. கழுத்தில் ரோஸ் ரிப்பன். கிளிப்பச்சைப் புல்வெளி, ஆரஞ்சு வானம். பஞ்சுமிட்டாய் வண்டி கவிழ்ந்தாற்போல் இருந்தது திரை.

பிரான்சு கேசட்டுக்கும் நம் ஊர் டெக்குக்கும் நிற விஷயத்தில் ஒத்துப்போகாது, படம் ஓடும், நிறம் மட்டும் வராது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அதாவது எந்தக் கலைஞனும் எதையும் துறக்கவில்லை. இருந்த சாயத்தையெல்லாம் அவர் அள்ளி ஊற்றியிருக்கிறார், சொல்தா மாமாவின் டெக்கால்தான் அதைப் படிக்க முடியவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்கு இது எதுவும் தெரியாது. டிவியில் கோளாறு என்று முடிவு கட்டினேன். ரிமோட்டை எடுத்துக் கலரைக் குறைத்துக்கொண்டே வந்து சுத்தமாக இல்லாமல் ஆக்கினேன். கழுதை சாம்பலாயிற்று. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

"மாமா! கலரு போயிடுச்சு!"

"போவல கண்ணு. இப்பத்தான் சரியா வந்திருக்கு."

அறையில் கலவரம் மூண்டது. இரும்பு நாய், இரும்பு நாய் என்று கோஷம். சமாதானத்துக்குப் பழம் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நான் சமையல்கட்டுக்குப் போனால் திரும்பி வருவதற்குள் ஆட்சி கவிழ்ந்துவிடும், இரும்பு நாய் ஓட ஆரம்பித்திருக்கும். சுற்றிலும் பார்த்தேன். மூலையில் முக்காலி மேல் ஒரு கூடை, மேலே துணி. துணிக்கடியில் கையை விட்டேன். மாம்பழம்! கைக்கு அடக்கமான, காம்போடு கூடிய அருமையான பழங்கள். வீட்டில் இன்று திரும்பின பக்கமெல்லாம் மாம்பழம்தானே என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். சத்தம் அடங்கியது. நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சோதனை உயரத் தொப்பிக்காரர் வந்ததும் ஆரம்பித்தது. இந்தத் தட்டில் படம் ஆங்கிலம் பேசியது. நான் பரவசமாக, "இவருதான் செக்போஸ்ட்காரரு. குடும்ப அட்டை இல்லன்னு கழுதைய தொரத்துறாரு" என்றேன்.

நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, அவரு டாக்டர். கால்ல முள்ளு இருக்கு, பயப்படாதே, எடுத்துடறேன்னு சொல்றாரு."

"அந்தப் பையில என்ன இருக்கு தெரியுமா? சாராய பாட்டில்."

"மருந்து மாமா. இப்பத்தான் சொன்னாரு."

உண்மைதான். எனக்கும் இப்போது ஆங்கிலம் புரிந்துதொலைத்தது. அந்த நல்ல மனிதர் முள்ளை எடுக்க வேண்டும் என்று படம் முழுக்க மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறார். கழுதைக்கு அம்மாவும் இல்லை, நாகூரும் இல்லை. டாக்டருக்குப் பயந்த ஒரு கழுதை, அவ்வளவுதான் கதை. இருபது வருடமாக நான் உயிரைக் கொடுத்து வாதாடிய காவியம் ஒரு தடுப்பூசி விளம்பரம் மாதிரி என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

தன்மானம் உள்ள ஆள் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் டிவியின் சத்தத்தை அடைத்தேன்.

கலரும் இல்லை, சத்தமும் இல்லை. இப்போது பிள்ளைகளைக் கட்டிவைக்க மாம்பழம் ஒன்றே துணை. இரண்டாவது சுற்று போயிற்று, மூன்றாவது சுற்றும் போயிற்று. நடுவில் நானே கதை சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கழுதை பாருங்க, எவ்வளவு சோகமா..." என்று தொடங்கியதும் கார்த்தி கேட்டான், "மாமா, பழம் இன்னும் இருக்கா?"

அப்போது கதவு திறந்தது. அக்கா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இடுப்பில் யாழினி. "சாமி பக்கத்துத் தெருவுக்கு வந்தாச்சாம். நான் கூடைய..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் டிவியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அடேய்! இது நம்ம கழுதைதானே!"

திரையில் கழுதை தொப்பிக்காரருக்கு முன்னால் நின்று வாயை அசைத்தது. அக்கா அந்தப் பழைய குரலை எடுத்தாள். எங்கே வைத்திருந்தாளோ, ஒரு கீறல் இல்லாமல் அப்படியே வந்தது. "ஐயா, செக்போஸ்ட்டு ஐயா! எங்கம்மாவ பாத்தீங்களா? ரெண்டு காது, நாலு காலு, கொஞ்சம் கோவக்காரி!"

பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். தொப்பிக்காரர் வாயைத் திறந்தார். அக்கா குரலைக் கனமாக்கினாள். "கோவக்காரியா? அப்ப அது எங்க ஊட்டுக்காரியா இருக்கும். அட்டைய எடு பாப்பம்!"

சிரிப்பில் கார்த்தி தரையில் உருண்டான். நிவேதா, அந்த ஆங்கிலம் தெரிந்த நிவேதா, "அப்புறம் சித்தி? அப்புறம்?" என்றாள். எல்லோரும் அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் இத்தனை வருடம் கொண்டாடியது அந்தப் படத்தை அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. கையால் வரைந்த கோடும் இல்லை, சாம்பல் நிறமும் இல்லை. பாவாடை தாவணியில், தம்பி பயப்படுகிறானே, வீட்டுக்குப் போகலாம் என்று அழுகிறானே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்கவைத்த ஒரு பெண்ணைத்தான் நான் கலை என்று கட்டுரை எழுதியிருக்கிறேன். அவள் பெயரை அதில் ஒரு வரிகூடப் போடவில்லை.

மேளச் சத்தம் திடீரென்று பக்கத்தில் கேட்டது. "ஐயோ, முனை திரும்பிடுச்சு!" என்று அக்கா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, மூலைக்குப் போய்க் கூடையை எடுத்தாள். அதன் கனம் கைக்குத் தெரிந்த உடனே அவள் முகம் மாறியது. துணியை விலக்கினாள். வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. தரையெங்கும் கொட்டைகள், தோல்கள். ஒவ்வொரு தோலிலும் குங்குமப் பொட்டு. அக்கா விடியற்காலையில் குளித்துவிட்டு, ஒவ்வொரு பழமாகத் துடைத்து வைத்த பொட்டு. என் வலது கை விரல்கள் முழுக்கக் குங்குமம். கூடையின் அடியில் வெறும் வைக்கோல்தான் கிடந்தது.

பிள்ளைகளை வாசல் பக்கம் அனுப்பினார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பாவி, பாவி, சாமிக்கு வச்சத தின்னியே" என்றாள். அக்கா திட்டியிருந்தால் தேவலை. "புள்ளைங்கதான தின்னுச்சுங்க. போவட்டும்" என்றாள். வெறும் கூடையை மறுபடி துணியால் மூடினாள். "வாக்கு குடுத்தேன்டா தம்பி. இத்தன பேரு முன்னாடி நின்னு வெறுங்கையோட என்னா பண்ணுவேன்?"

சமையல்கட்டுக்கு ஓடினேன். சாக்குக்கு அடியில் இருந்ததை எல்லாம் காலையிலிருந்து விருந்தாளிகள் தீர்த்திருந்தார்கள். கடைக்குப் போகலாம் என்றால் வாசல்படியைத் தாண்ட இடமில்லை, தெரு முழுக்கத் தலைகள். நாங்கள் மாடிக்கு ஏறி நின்றோம், நிவேதாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். அக்கா வெறும் கூடையை மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாமி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அர்ச்சனைக்காக நின்று நின்று வந்துகொண்டிருந்தது.

எதிர் மாடியில் செல்லம்மா அத்தை நின்றார். கருக்களாச்சேரியிலிருந்து இந்தத் தெருவுக்குக் குடிவந்த குடும்பம், மீன் வியாபாரம். அத்தையின் குரலுக்கு மைக் தேவைப்படாது. கரையில் நின்று படகைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"ஏ சுமதி! ஏன் புள்ள மூஞ்சி இப்புடி கெடக்கு? கூடையில என்னா, காத்தா இருக்கு?"

"புள்ளைங்க தின்னுடுச்சுங்க அத்தை!"

"புள்ளைங்க எடுத்துதா, யாராச்சும் எடுத்துக் குடுத்தாங்களா?"

தெருவைத் தாண்டி அத்தையின் பார்வை என் குங்கும விரல்களுக்கு வந்தது. (அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தோன்றும்.)

"சரி வுடு. எங்ககிட்ட ரெண்டு கூடை இருக்கு. புடிச்சுக்க!"

அம்மா குறுக்கே புகுந்தாள். "வேணாம் செல்லம்மா! உன் பழத்த நாங்க வீசுனா நேர்த்தி உன் பேருக்குல்ல போவும்? அது எங்க கணக்குல சேராது."

"ஏங்க்கா, இந்த ஊருல மாம்பழம் காணாமப் போறதும் திரும்ப வர்றதும் புதுசா?" என்றார் அத்தை. "இன்னைக்கு வீசுனத எவன் புடிக்கிறானோ அவனுது. நான் வீசுறேன், நீங்க புடிங்க. புடிச்சா உங்க பழம். உங்க பழத்த நீங்க சாமிக்கு வீசுங்க. இதுல என்னா தப்பு இருக்கு?"

இதற்கு மேல் யாராலும் சட்டம் பேச முடியாது. அம்மா ஒரு நொடி யோசித்து, "அப்ப சரி" என்றாள். "டேய், துண்ட விரி!"

பிடிக்கும் வேலை எனக்கு விதிக்கப்பட்டது. யாரும் சொல்லாமலே அது தீர்மானமாயிற்று. துண்டை விரித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றேன். வீசியது அத்தையின் மகன் வேலு. கடலில் வலை வீசுகிற கை. முதல் பழம் துண்டுக்கு வரவில்லை, நேரே என் மூக்குக்கு வந்தது. கண்ணில் ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை எல்லாம் தெரிந்தது. இரண்டாவது நெற்றியில். மூன்றாவதைத் துண்டில் பிடித்தேன், நாலாவது அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த என் வாயில் பட்டது.

"கண்ண மூடாத தம்பி! பழத்தப் பாரு!" என்று அத்தை கத்தினார்.

அதற்குள் விஷயம் மாடிக்கு மாடி பரவிவிட்டது. வலது பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று, இடது பக்கத்திலிருந்து இரண்டு, அதற்கும் அடுத்த மாடியிலிருந்து குறி தவறித் தவில்காரர் தோளில் ஒன்று. கீழே சாமி பார்க்க வந்த ஜனங்கள் சாமியை விட்டுவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பழம் என் மேல் விழும்போதும் தெருவே ஓ என்று சத்தம் போட்டது. மூக்கிலிருந்து ரத்தம் வழிய நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிடித்ததை நிவேதா ஓடி ஓடிப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். சாமி எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது கூடை நிறைந்திருந்தது. காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது என்று அம்மா இன்றும் சத்தியம் செய்வாள்.

அக்கா யாழினியின் பிஞ்சுக் கையைப் பழத்தின் மேல் வைத்து, தன் கையையும் சேர்த்து, முதல் பழத்தை வீசினாள். கூட்டத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் எகிறிப் பிடித்தாள். பிடித்த பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே அழுதாள். அதைப் பார்த்து அக்காவும் அழுதாள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. எதிர் மாடியில் செல்லம்மா அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வீசு புள்ள, வீசு, சாமி நிக்குது பாரு" என்றார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன், ரத்தத்துக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பிள்ளைகள் அதே கழுதைப் படத்தை மறுபடி போடச் சொன்னார்கள். கலர் இருக்க வேண்டும், சத்தம் வேண்டாம், சுமதி சித்தி கதை சொல்ல வேண்டும், மாமா வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனைகள். அதற்குப் பிறகு நிவேதாவின் இரும்பு நாயும் ஓடியது. மூக்கில் ஈரத்துணியோடு நானும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நாய் தன் குழந்தை எஜமானை விட்டுப் பிரியும் இடத்தில் எனக்கு அடக்க முடியவில்லை. "மாமா, அழுவுறீங்களா?" என்றாள் நிவேதா. மூக்கு வலிக்கிறது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடம் கழித்து இந்த நாயைவிடச் சிறந்த படம் உலகத்தில் இல்லை என்று அவள் யாரிடமாவது வாதாடிக்கொண்டிருப்பாள். வாதாடட்டும், அவள் பக்கத்தில் அன்று உட்கார்ந்திருந்தது நான்தான் என்பதில் எனக்கு நிறைவு.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் "அந்தக் காலத்துப் படத்துல..." என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் யாராவது ஓடிப்போய் ஒரு மாம்பழத்தைக் கொண்டுவந்து என் கையில் திணிப்பார்கள். பருவம் இல்லாத மாதங்களில் வாழைப்பழம். என் கல்யாணத்தில், பெண் வீட்டார் முன்னிலையில், மேடையிலேயே இது நடந்தது. மூக்குத் தண்டில் ஒரு சின்ன மேடு நிரந்தரமாக இருக்கிறது. கண்ணாடி நழுவாமல் நிற்பதற்கு வசதி.

அதைவிட நீடித்தது அந்தத் தெருவின் ஏற்பாடு. இப்போதெல்லாம் திருவிழா அன்று சாமி வருவதற்கு முன்னால் எதிர் மாடியிலிருந்து எங்கள் மாடிக்கு ஒரு பழம் வரும். நாங்கள் பிடித்து, எங்கள் கூடையிலிருந்து ஒன்றை அங்கே வீசுவோம். பக்கத்து மாடிகளும் சேர்ந்துகொள்ளும். அதற்கு எந்த சாஸ்திரமும் இல்லை. புதிதாக வருபவர்கள் அது பழங்காலத்து வழக்கம் என்று நினைத்துப் பயபக்தியோடு பார்க்கிறார்கள், யாரும் திருத்துவதில்லை.

போன திருவிழாவில் யாழினி காலேஜிலிருந்து வந்திருந்தாள். என்னைவிட உயரம் இப்போது. துப்பட்டாவை விரித்துக்கொண்டு முன்னால் வந்து, "மாமா, நீங்க தள்ளி நில்லுங்க. நான் புடிக்கிறேன். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?" என்றாள். நானும் நகரப் பார்த்தேன். எதிர் மாடியில் செல்லம்மா அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் தளர்ந்துவிட்டது, குரல் தளரவில்லை.

"ஏ யாழினி! அவன நிக்கச் சொல்லு! அவன் மூக்கு இல்லாம எங்க வேலுவுக்கு குறி எப்புடி வரும்?"

இரண்டு மாடிகளும் சிரித்தன. அக்கா பின்னாலிருந்து என் முதுகைத் தள்ளினாள். நான் துண்டை விரித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி போய் நின்றேன்.